வீட்டு விருந்தில் சரக்கு: கிளம்பிப் போகிறவர் விபத்தில் சிக்கினால் கேஸ் யார் மேல், இன்சூரன்ஸ் எதற்குத் தரும்?

கேள்வி: லாஸ்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் பணி ஓய்வை ஒட்டி அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி வீட்டு மொட்டை மாடியில் சின்னதாக ஒரு விருந்து. மொத்தம் 40 பேர் வருவார்கள், குடிக்கிறவர்கள் 25 பேர் இருக்கும். பாதிப் பேர் கடலூர், நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து பைக்கிலும் காரிலும் வருகிறார்கள், ராத்திரியே திரும்பிவிடுவார்கள். தம்பியின் காலேஜ் பையன்கள் ஏழெட்டுப் பேரும் உண்டு, அதில் ரெண்டு பேருக்கு இன்னும் 18 முடியவில்லை.

விருந்து முடிந்து போகும்போது யாராவது எதிலாவது மோதினால் சரக்கு ஊற்றிக் கொடுத்த எங்கள் மேல் கேஸ் வருமா? வீட்டுக்கு எடுத்திருக்கும் பாலிசி எதற்காவது உதவுமா? செலவைச் சமாளிக்க ஆளுக்கு 500 ரூபாய் வசூலிக்கலாம் என்று சித்தப்பா சொல்கிறார், அதில் சிக்கல் உண்டா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பெரியப்பா மகன் அமெரிக்காவில் படிக்கிறான், அங்கே ஃபிராட்டர்னிட்டி ஹவுஸ் (கல்லூரி மாணவர் சங்க விடுதி) ஒன்றில் தங்கியிருக்கிறான். அவர்கள் நடத்தும் பார்ட்டிக்கு "பொறுப்பாளர்" என்று இவனிடம் கையெழுத்துக் கேட்கிறார்களாம். போடலாமா?

பதில் 1: மஞ்சக்குப்பம் வக்கீல்

வசூல் யோசனையை முதலில் கைவிடுங்கள். சொந்தக் காசில் வாங்கி விருந்தாளிக்குக் கொடுத்தால் அது உபசரிப்பு. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஊற்றினால் லைசென்ஸ் இல்லாத விற்பனை என்று கலால் துறை வழக்குப் போட முடியும். கூப்பன், டோக்கன், வாசலில் உண்டியல், கூகுள் பே வசூல் எல்லாமே இதில் சேரும். அதுவும் வாட்ஸ்அப் அழைப்பிலேயே "500 ரூபாய், அன்லிமிடெட்" என்று போட்டுவிட்டால் வேறு சாட்சியே தேவையில்லை. செலவு இடித்தால் சித்தப்பா சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளட்டும்.

அடுத்தது வயசு. குடிக்கும் வயது புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21. லாஸ்பேட்டையில் விருந்து என்பதால் 19 வயதுப் பையனுக்குக் கொடுப்பதில் வயசுப் பிரச்சினை வராது. அதே விருந்தைக் கடலூரில் வைத்தால் நிலைமை வேறு. ஆனால் 18 முடியாத அந்த ரெண்டு பேர் விஷயத்தில் இந்த ஊர், அந்த ஊர் என்று எதுவும் கிடையாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77வது பிரிவின்படி, டாக்டர் எழுதிக் கொடுக்காமல் சிறாருக்கு மதுவைக் கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். விபத்தே நடக்க வேண்டாம், கொடுத்தது தெரிந்தால் போதும். "அவனாகத்தான் எடுத்துக் குடித்தான்" என்று சொல்லித் தப்பிக்க வேண்டுமென்றால் பாட்டில் அவன் கைக்கு எட்டாத இடத்தில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பையன் வண்டியையும் ஓட்டிக்கொண்டு போனால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவும் சேரும். அதில் மாட்டுவது அவன் பெற்றோரும் வண்டி ஓனரும். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் ஆர்.சி. 12 மாதத்துக்கு ரத்து.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம். பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் குடித்துவிட்டுத் தன் வண்டியில் போய் மோதினால், ஊற்றிக் கொடுத்தவரே நஷ்டஈடு தர வேண்டும் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் அப்படி உண்டு. இங்கே கேஸ் ஓட்டியவர் மேல்தான். போதையில் ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு, உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவின்படி 5 ஆண்டு வரை. நிலைமையைப் பொறுத்து 105க்கும் மாற்றுவார்கள், அது கொலையாகாத மரணம் விளைவித்தல்.

அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 188 என்று ஒரு பிரிவு இருக்கிறது, வக்கீல்களே அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. 185க்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பெக் ஊற்றியதால் மட்டும் உடந்தை ஆகிவிடாது. தெரிந்தே உதவியிருக்க வேண்டும். தள்ளாடுகிறவர் கையில் சாவியை எடுத்துக் கொடுப்பது, கேட்டைத் திறந்து பைக்கை ஸ்டார்ட் செய்து கொடுப்பது, "அண்ணே, பத்து நிமிஷ ரோடுதான், பாத்துப் போங்க" என்று வழியனுப்புவது இதெல்லாம் அந்த வரம்புக்குள் இழுக்கக்கூடியவை. மாடியில் சிசிடிவி இல்லாவிட்டாலும் உங்கள் தெருவில் யாராவது வைத்திருப்பார்கள்.

பாட்டில் வாங்குவதைப் பொறுத்தவரை, தனிநபர் வீட்டில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வரம்பு உண்டு. கடையில் பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டும் என்றால் கலால் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மொட்டை மாடியில் பாட்டு என்றால் ராத்திரி 10 மணிக்கு ஸ்பீக்கர் நின்றுவிட வேண்டும், 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி அது. பெரும்பாலும் போலீஸ் மாடிக்கு ஏறி வருவது சரக்குக்காக இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் போன் போட்டதால்.

கடைசியாக ஒன்று. மீந்த பாட்டிலைக் கடலூர்க்காரர்களிடம் கொடுத்தனுப்பாதீர்கள். புதுச்சேரிச் சரக்கு எல்லை தாண்டினால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் கேஸ், வண்டியும் பறிமுதலாகும். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொன்னால் அரை பாட்டிலுக்காகக் காரையே விட்டுவிட்டு வீட்டுக்கு நடக்க வேண்டி வரும்.

பதில் 2: சர்வேயர் பாண்டி

வக்கீல் சார் சட்டப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். பணம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று நான் எழுதுகிறேன். ஜனங்கள் தப்பாக நினைப்பது இதில்தான்.

குடித்துவிட்டு ஓட்டியவரின் வண்டியிலிருந்து ஆரம்பிப்போம். ஓன் டேமேஜ், அதாவது அவர் வண்டிக்கு ஆன சேதம், கிடைக்காது. எல்லா மோட்டார் பாலிசியிலும் மதுபோதை விலக்கு அச்சடித்தே இருக்கிறது. "போலீஸ் ஊதச் சொல்லவில்லை, பிளட் டெஸ்ட்டும் இல்லை, எப்படி நிரூபிப்பார்கள்" என்று கேட்பார்கள். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இஃப்கோ டோக்கியோ எதிர் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. டெல்லியில் மோதிய ஒரு போர்ஷே கார் சம்பந்தப்பட்டது. டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாவிட்டாலும் மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலையையும் வைத்துக் கம்பெனி போதையை நிரூபிக்கலாம் என்று தீர்ப்பு. நடைமுறையில் நாங்கள் முதலில் கேட்பது ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். ராத்திரி டியூட்டி டாக்டர் அதில் "மது வாடை இருந்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே கிளெய்மைச் சாய்த்துவிடும்.

அடிபட்ட மூன்றாம் நபர் விஷயம் வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 150வது பிரிவில் மதுபோதையில் ஓட்டுவதும் இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லக்கூடிய காரணங்களில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் நடுரோட்டில் அடிபட்டவன் என்ன பாவம் செய்தான் என்ற நியாயத்தில் "முதலில் நீ கொடு, அப்புறம் ஓனரிடம் வசூலித்துக்கொள்" என்று உத்தரவு போடுவதுதான் டிரிபியூனல்களின் (விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயங்களின்) வழக்கம். இந்த வசூலித்துக்கொள் என்ற பாதியை யாரும் காதில் வாங்குவதில்லை. 30 லட்சம் தீர்ப்பு வந்தால் கம்பெனி அதைக் கட்டிவிட்டு அதே 30 லட்சத்துக்கு வண்டி ஓனரின் வீடு, நிலம் மேல் நிறைவேற்று மனு போடும்.

உங்களுக்கான அபாயம் இங்கேதான் வருகிறது. வண்டி ஓனர் என்றேன், ஓட்டினவர் என்று சொல்லவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஒருவர் "பஸ் இல்லப்பா, உன் ஆக்டிவாவைக் குடு, காலைல கொண்டாந்து விடுறேன்" என்பார். நீங்களும் கொடுப்பீர்கள். அந்த நிமிடத்திலிருந்து டிரிபியூனலில் எதிர்மனுதாரர் நீங்கள். விருந்து கொடுத்ததற்காக வராத பொறுப்பு வண்டி கொடுத்ததற்காக வந்து சேரும்.

பில்லியனில் உட்கார்ந்து போகிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய டூவீலருக்குப் பலரும் தேர்டு பார்ட்டி மட்டும்தான் புதுப்பிக்கிறார்கள். அந்தப் பாலிசியில் பின்னால் உட்கார்ந்தவருக்கு இடமே இல்லை. பேக்கேஜ் பாலிசி இருந்தால்தான் அவருக்கு ஏதாவது வரும். "நான் குடிக்கவில்லை, சும்மா பின்னாடிதான் உட்கார்ந்தேன்" என்பவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஓட்டினவரே தானாகச் சறுக்கி விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு போதையைக் காட்டி மறுக்கப்படும். ஆயுள் காப்பீட்டில் அடிப்படைத் தொகை பொதுவாக வரும், விபத்து ரைடர் (விபத்துக்கென்று சேர்த்து எடுக்கும் கூடுதல் காப்பு) வராது. மெடிக்கிளெய்மில் எக்ஸ்க்ளூஷன் 12 என்று ஒரு நிலையான விலக்கு. குடிப்பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் அதில் அடங்கும். ஒருநாள் குடித்து விழுந்ததையும் அதற்குள் தள்ளப் பார்க்கிறார்கள். அப்படி மறுத்தால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி 30 நாள் பொறுத்துப் பாருங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம், புதுச்சேரியும் அவர் எல்லையில்தான். கட்டணம் கிடையாது.

இனி உங்கள் வீட்டுப் பாலிசி. 2021 ஏப்ரல் முதல் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்றால் அது தீ, புயல், வெள்ளம் மாதிரி விஷயங்களில் கட்டடத்துக்கும் சாமானுக்கும். விருந்தாளி விழுந்து கை உடைந்தால் அதில் ஒரு பைசா கிடையாது. ஹவுஸ்ஹோல்டர் பேக்கேஜ் எடுத்திருந்தால் பொதுப்பொறுப்பு என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று ஷெட்யூலில் பாருங்கள். பல பேர் அந்தப் பிரிவுக்கு டிக் போடாமலே எடுத்திருப்பார்கள். டிக் போட்டிருந்தாலும் அது வீட்டு எல்லைக்குள் நடந்த விபத்துக்கு. கேட்டைத் தாண்டி ஈசிஆரில் நடப்பது அதில் வராது.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது கேட்டுக்கு உள்ளேதான். ரோட்டில் நடந்ததை உங்கள் தலையில் கட்டுவது கஷ்டம். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் முட்டியளவுதான் இருந்து, படியில் லைட் எரியாமல், போதையில் ஒருவர் கீழே விழுந்தால் அது நேராக உங்கள் கவனக்குறைவு. சுவர் இடுப்புக்குக் கீழே இருந்தால் விருந்தைக் கீழே மாற்றுங்கள். மாடியில்தான் என்றால் ஓரத்தில் நாற்காலி போடாதீர்கள், குடிக்கிறவர்கள் அதில் ஏறி நின்று போட்டோ எடுப்பார்கள். டேங்குக்கு ஏறும் இரும்பு ஏணியைக் கட்டி வையுங்கள்.

பதில் 3: கேட்டரிங் மேனேஜர், நெல்லித்தோப்பு

மேல ரெண்டு பேரும் நடந்தா என்னன்னு சொல்லிட்டாங்க. நடக்காம இருக்க என்ன செய்யணும்னு நான் சொல்றேன்.

அளவுலேர்ந்து ஆரம்பிங்க. ஒரு ஃபுல் 750 மில்லி, அதாவது 30 மில்லி ஸ்மால் 25 வரும். குடிக்கிறவங்க 25 பேர், ஆளுக்கு 3 ஸ்மால்னா 75. கணக்கா 3 ஃபுல். அதுக்கு மேல வாங்காதீங்க. அஞ்சு பாட்டில் வாங்கினா அஞ்சும் காலியாகும், இது எல்லா விருந்துலயும் நடக்குறதுதான். பீர் வேணும்னா ஸ்ட்ராங் வேண்டாம், லைட் வாங்குங்க.

பாட்டிலை டேபிள்ல பரப்பி வைக்கிறதுதான் பெரிய தப்பு. யாரு எவ்ளோ குடிச்சாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது, தம்பியோட ஃபிரண்ட்ஸ் கை வைக்கிறதும் அங்கதான். ஒரே ஒரு ஆள் ஊத்தட்டும், அவர் குடிக்காதவரா இருக்கட்டும், ஸ்டீல் பெக் மெஷர்லதான் ஊத்தணும். கண்ணளவுல ஊத்துற "ஸ்மால்" எல்லாம் 45 மில்லிக்குக் குறையாது. சின்னப் பசங்களுக்கு கீழ ஹால்ல தனியா ஜூஸ், பிரியாணின்னு வச்சிடுங்க. மாடிக்கு வந்தாதான பிரச்சினை.

சைடு டிஷ்ஷுல மிக்சர், ஊறுகாய்னு மட்டும் வச்சா வெறும் வயித்துல ஏறிடும், உப்பு வேற தாகத்தைக் கிளப்பி இன்னும் குடிக்க வைக்கும். முதல் ரவுண்டுக்கு முன்னாடியே முட்டை, வறுத்த மீன், சிக்கன்னு வயித்துல ஏதாவது விழணும். தண்ணி கேன் ரெண்டு எக்ஸ்ட்ரா. ஏழரைக்கு ஆரம்பிச்சா ஒன்பதே காலுக்கு பாரை மூடுங்க, ஒன்பதரைக்கு சாப்பாடு. "லாஸ்ட் ரவுண்டு"ன்னு மட்டும் அறிவிக்காதீங்க. அறிவிச்சா எல்லாரும் டபுளா கேப்பாங்க. சத்தமில்லாம பாட்டிலை உள்ள எடுத்துட்டுப் போங்க, பந்தி போட்டா தானா எழுந்து வந்துடுவாங்க.

சாவியை வரும்போதே வாங்கிடணும். போகும்போது கேட்டா சண்டைதான். "பார்க்கிங் நெருக்கடி, வண்டியை மாத்தி நிறுத்தணும்"னு சொல்லி வாசல்லயே ஒரு மாமா சாவியை வாங்கி டேக் போட்டு மாட்டட்டும். அந்த வேலைக்கு எல்லாரும் மதிக்கிற பெரியவர்தான் சரி, வயசுப் பையனை நிறுத்தினா "நீ யாருடா என் சாவியைத் தர மாட்டேன்னு சொல்ல"ன்னு கேப்பாங்க.

கடலூர்க்காரங்களுக்கு ஒரு வேன் பேசுங்க, அவங்க வண்டி உங்க வீட்லயே நிக்கட்டும். வேன் பிஒய் நம்பர்னா, அதாவது புதுச்சேரிப் பதிவுன்னா, தமிழ்நாட்டுக்குள்ள போக பர்மிட் இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்குங்க, இல்லன்னா பாதி வழியில மறிச்சிடுவாங்க. கார்ல வந்தவங்களுக்கு ஆக்டிங் டிரைவர் போடுங்க, ஆனா சனிக்கிழமை ராத்திரின்னா ரெண்டு நாள் முன்னாடியே சொல்லணும். அவர் லைசென்சை போட்டோ எடுத்து வச்சுக்குங்க. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினாலும் இன்சூரன்ஸ் கதை சர்வேயர் சார் சொன்ன மாதிரிதான் ஆகும்.

யாராவது மட்டையாயிட்டா மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, வாந்தி மூச்சுக்குழாய்ல போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு பக்கத்துல ஒருத்தர் உக்காருங்க. தட்டி எழுப்பினா எழுந்திருக்கல, மூச்சு விட்டு விட்டு வருது, உதடு நீலமாகுதுன்னா மோர், எலுமிச்சைன்னு நேரம் போக்காம 108. அப்புறம், பாட்டில் லைசென்ஸ் கடையிலதான் வாங்கணும். யாரோ "மலிவா கெடைக்குது"ன்னு கேன்ல கொண்டு வந்தா வாசலோட திருப்பி அனுப்புங்க. மரக்காணத்துல 2023லயும் கள்ளக்குறிச்சியில 2024லயும் ஆளைக் கொன்னது மெத்தனால். கண்ணு மங்குதுன்னு ஒருத்தர் சொன்னா அது போதை இல்ல, உடனே ஜிப்மர்.

பதில் 4: எடிசன் தமிழன்

ஃபிராட்டர்னிட்டி கேள்விக்கு மட்டும் பதில். உங்கள் பெரியப்பா மகனைக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். முழுசாகப் படிக்காமல் போடவே கூடாது.

அமெரிக்கா முழுக்கக் குடிக்கும் வயது 21. இளநிலை படிக்கும் பையன்களில் பெரும்பாலோர் அதற்குக் கீழே, ஆகவே ஃபிராட்டர்னிட்டி பார்ட்டி என்றாலே சட்ட மீறலுக்கு இடம் வைத்துத்தான் தொடங்குகிறது. வீட்டில் ஊற்றிக் கொடுத்தவரின் பொறுப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் 1984இல் கெல்லி எதிர் க்வின்னல் வழக்கில், நிலை தடுமாறும் விருந்தாளிக்கு மேலும் ஊற்றிக் காரில் அனுப்பியவர், எதிரே வந்து அடிபட்டவருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. கலிஃபோர்னியாவில் பெரியவருக்கு ஊற்றிய வீட்டுக்காரருக்குப் பொதுவாக அந்தப் பொறுப்பு இல்லை, 21க்குக் கீழ் உள்ளவருக்குத் தெரிந்தே கொடுத்தால் வரும். எனவே எந்த மாநிலம் என்பது முதல் கேள்வி.

ஃபிராட்டர்னிட்டிகளின் கூட்டமைப்பான வட அமெரிக்க இன்டர்ஃபிராட்டர்னிட்டி மாநாடு 2019 செப்டம்பர் 1க்குள் 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதையும் சாப்டர் (கல்லூரிக் கிளை) வீடுகளில் வைக்கக் கூடாது, லைசென்ஸ் உள்ள வெளி ஆள் வந்து விற்றால் ஒழிய, என்று தன் உறுப்பினர்களுக்கு விதி போட்டது. விதி இருப்பதால் நல்லது என்று நினைக்க வேண்டாம், இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இதுபோன்ற விதியை மீறிய பார்ட்டியில் ஏதாவது நடந்தால், தேசிய அமைப்பின் இன்சூரன்ஸ் அந்த சாப்டரையும் கையெழுத்துப் போட்ட பையனையும் கைவிடக்கூடும். அப்போது வழக்குச் செலவு அவன் சொந்தத் தலையில். அங்கேயே வளர்ந்த பையன்களுக்குப் பெற்றோரின் ஹோம்ஓனர்ஸ் பாலிசி (வீட்டுக் காப்பீடு) கைகொடுப்பதுண்டு. இங்கிருந்து போன பையனுக்கு அதுவும் கிடையாது. அவனுக்கு உள்ள ஒரே வழி ரென்டர்ஸ் இன்சூரன்ஸ், அதாவது வாடகைக்கு இருப்பவர் எடுக்கும் காப்பீடு. ஃபிராட்டர்னிட்டி வீட்டில் தங்குபவருக்கு அது செல்லுமா என்று ஏஜென்ட்டிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும்.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவன் குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானால் போதும், தண்டனை ஆகாமலே விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு வழி உண்டு. படிப்பை முடித்துக்கொள்ளலாம், ஆனால் ஒருமுறை ஊருக்கு வந்தால் திரும்ப சென்னைத் துணைத் தூதரகத்தில் புதிதாக விண்ணப்பித்து நிற்க வேண்டும்.

லாஸ்பேட்டைவாசி

எல்லாருக்கும் நன்றி. வசூல் இல்லை, வேன் பேசிவிட்டேன். கைப்பிடிச் சுவரை அளந்து பார்த்தேன், இரண்டரை அடிதான் இருக்கிறது, கீழேயே வைத்துக்கொள்கிறோம். ஒரு சந்தேகம் மட்டும். நாலைந்து பேர் ராத்திரி இங்கேயே படுத்துவிட்டுக் காலை ஆறரைக்குக் கிளம்புகிறார்கள். அவர்களுக்குச் சாவியைக் கொடுத்துவிடலாம்தானே?

சர்வேயர் பாண்டி

எவ்வளவு குடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு நம்மூர் 42.8 சதவீத விஸ்கியில் ஒரு லார்ஜ் (60 மில்லி) போனாலே சுமார் 40 ஏறும், 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றுக்கு சுமார் 85. இறங்குவது மணிக்கு ஏறக்குறைய 15தான். குளித்தாலும் காபி குடித்தாலும் அந்த வேகம் மாறாது.

3 ஸ்மாலோடு நிறுத்தியவர் காலை ஆறரைக்குத் தாராளமாகப் போகலாம். எட்டு மணிக்கு ஆரம்பித்து மூன்று ஸ்ட்ராங் பீர் அடித்தவர் உடம்பில் அப்போதும் 90க்கு மேல் இருக்கும். அவருக்கு இட்லி, மதியச் சாப்பாடு எல்லாம் போட்டு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் சாவியைக் கொடுங்கள். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் பல மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.